சிங்காநல்லூர் சகஸ்ரநாமமும் எங்கள் ஊர் வாத்தியாரும்

வணக்கமுங்க அண்ணா,

நான் சிங்காநல்லூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் டிவியில் ‘பராசக்தி’ ஓடிக்கொண்டிருந்தது. கோர்ட்டு சீன் வந்தபோது, கண் சரியாகத் தெரியாத எங்கள் அமுச்சி (அம்மாவின் அம்மா), குரலை மட்டும் கேட்டுவிட்டு, “அந்த ஜட்ஜு நம்மூர்க்காரரு கண்ணு, சகஸ்ரநாமம்” என்று சொன்னார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு அது தெரியாது. பள்ளியில் மற்ற ஆசிரியர்களிடம் கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. அவர் சினிமா நடிகர் மட்டும்தானா, நாடகமும் எழுதினாரா? எழுதியிருந்தால் ஏன் நம் ஊரில் யாரும் பேசுவதில்லை?

இன்னொன்றும் கேட்க வேண்டும். ஆண்டு விழாவுக்கு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து ஒரு நாடகம் போடச் சொல்லியிருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் வரும் காமெடித் துணுக்குகளைக் கோத்துப் போட்டால் கைத்தட்டல் வாங்கலாம் என்கிறார்கள் பிள்ளைகள். எனக்கு மனசு ஒப்பவில்லை. என்ன போடலாம் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். கடிதத்தை வெளியிடுவதானால் என் பெயர் வேண்டாமுங்க.

இப்படிக்கு,
ஒரு தமிழாசிரியை

*

வணக்கம் டீச்சர்,

உங்கள் அமுச்சிக்கு முதலில் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். முகத்தைப் பார்க்காமல் குரலை வைத்து ஆளைச் சொன்னார் பாருங்கள், சகஸ்ரநாமம் மாதிரியான ஒரு நடிகருக்கு அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. அந்தத் தலைமுறை நடிகர்கள் குரலில்தான் வாழ்ந்தார்கள்.

அவர் உங்கள் ஊர்க்காரர்தான். எஸ். வி. சகஸ்ரநாமம் என்றால் சிங்காநல்லூர் வெங்கடராமன் சகஸ்ரநாமம். பெயரின் முதல் எழுத்திலேயே உங்கள் ஊர் இருக்கிறது. 1913 நவம்பரில் பிறந்தார், 1988இல் மறைந்தார். சினிமாவில் அண்ணனாக, அப்பாவாக, அதிகாரியாக நிறைய வந்தார். ஆனால் சினிமாவை வைத்து அவரை அளக்க முடியாது. அவர் நாடகக்காரர். சினிமாவில் சம்பாதித்ததை நாடகத்தில் கொண்டுபோய்ப் போட்டவர். நடிகர், ‘பைத்தியக்காரன்’ என்ற நாடகத்தை எழுதியவர், சென்னையில் ‘சேவா ஸ்டேஜ்’ என்ற நாடகக் குழுவை நடத்தியவர். இந்த மூன்றில் கடைசியாகச் சொன்னதுதான் பெரியது என்பது என் எண்ணம். ஏன் என்று சொல்கிறேன். அதற்கு முன்னால் எங்கள் ஊர் வாத்தியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரைத் தெரிந்ததால்தான் என்னால் சகஸ்ரநாமத்தைப் புரிந்துகொள்ள முடிந்தது.

எனக்கு ஊர் சென்னிமலைப் பக்கம். எழுபதுகளில் மாரியம்மன் நோம்பி, அதாவது திருவிழா என்றால் மூன்றாம் நாள் ராத்திரி நாடகம் உண்டு. பாதி வேடத்துக்கு வெளியூரிலிருந்து நடிகர்களை அமர்த்துவார்கள். மீதி வேடம் உள்ளூர் ஆட்கள். தறிக்காரர், பனையேறுகிறவர், மளிகைக்கடை வைத்திருப்பவர், எல்லோரும் உண்டு. ஈரோட்டிலிருந்து சீனும் டிரஸ்ஸும் வாடகைக்கு வரும். இந்த உள்ளூர் ஆட்களுக்கு இரண்டு மாதம் முன்பிருந்தே பாடம் சொல்லிக்கொடுப்பவர் ‘வாத்தியார்’. அவருக்குத் தொழில் தறி. அப்போது அறுபது வயது இருக்கும். ஒல்லியான ஆள், ஆனால் தொண்டையைத் திறந்தால் கோயில் முன்னால் நின்று பேசுவது கடைசி வீதி வரைக்கும் கேட்கும்.

சிறுவயதில் அவர் பாய்ஸ் கம்பெனியில் இருந்தவர். பிள்ளைகளை மட்டுமே வைத்து நாடகம் நடத்திய கம்பெனிகள் அவை. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் அப்படி ஒரு சபையைத் தொடங்கினார். டி. கே. எஸ். சகோதரர்கள் சிறுபிள்ளைகளாக அங்கேதான் சேர்ந்தார்கள். சுவாமிகள் 1922இல் காலமானார். 1925இல் சகோதரர்கள் தாங்களே மதுரை ஸ்ரீ பால சண்முகானந்த சபாவைத் தொடங்கினார்கள். உங்கள் ஊர் சகஸ்ரநாமம் சிறுவனாகப் போய்ச் சேர்ந்தது அந்த சபாவில். கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனும் கே. ஆர். ராமசாமியும் அங்கிருந்து வந்தவர்கள்தான். எங்கள் வாத்தியார் இருந்தது வேறு ஒரு சின்னக் கம்பெனி. அதன் பெயரை அவர் சொல்லிக் கேட்டதில்லை. “கம்பெனி” என்று மட்டும் சொல்வார், நாம் “ஊரு” என்று சொல்வதுபோல.

கம்பெனி வாழ்க்கை லேசானதில்லை. இத்தனை வருசம் என்று பெற்றவர்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டால் பிள்ளை கம்பெனிப் பிள்ளை. விடியுமுன் எழுப்பிப் பாடச் சொல்வார்கள். பாடம் தவறினால் அடி விழும். ராத்திரி முழுக்க ஆட்டம், பகலில் தூக்கம், சாயங்காலம் மறுபடி பாடம். உங்கள் வேடத்தின் பாடம் மட்டும் போதாது, பக்கத்தில் நிற்பவன் பாடமும் தெரிய வேண்டும். அவனுக்குக் காய்ச்சல் வந்தால் அன்றைக்கு நீங்கள்தான் அவன். அப்புறம் பதின்மூன்று பதினான்கு வயதில் மகரக்கட்டு வரும். குரல் உடையும். நேற்று வரைக்கும் ஸ்திரீபார்ட், அதாவது பெண் வேடம் போட்டு ஊரையே அழவைத்த பையன் இன்றைக்கு வாயைத் திறந்தால் தகரத்தைத் தேய்த்த மாதிரி இருக்கும். குரல் தேறி வந்தால் ராஜபார்ட், கதாநாயகன் வேடம். தேறாவிட்டால் காவலாளி வேடம், சீன் இழுக்கும் வேலை, இல்லை என்றால் வீட்டுக்கு ரயில் சார்ஜ். எங்கள் வாத்தியாருக்கு ரயில் சார்ஜ்தான் கிடைத்தது. ஊருக்கு வந்து தறியில் உட்கார்ந்தார்.

குரல் பின்னால் அவருக்குத் தேறி வந்தது. ஆனால் அதற்குள் கம்பெனி எங்கோ போயிருந்தது.

எனக்குப் பத்து வயதில் ‘அரிச்சந்திரா’வில் லோகிதாசன் வேடம் கொடுத்தார். பாம்பு கடித்துச் சாகிற பிள்ளை. பாடம் சொல்லிக்கொடுத்தது களத்திலோ கோயிலிலோ இல்லை, அவருடைய தறிக்குழிக்குப் பக்கத்தில். அவர் குழியில் கால்விட்டு மிதித்துக்கொண்டிருப்பார். குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடா அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஓடும். நான் மேலே தரையில் உட்கார்ந்து வரியைச் சொல்ல வேண்டும். மிதி, நாடா, அடி. அந்தச் சத்தத்துக்குள் என் குரல் கேட்க வேண்டும், ஆனால் கத்தக் கூடாது. கத்தினால் தறியை நிறுத்திவிடுவார். அந்த அமைதி பயங்கரமாக இருக்கும். “சாமி, எட்ட இருக்கறவனுக்குக் கேக்கோணும்னு நெனச்சுப் பேசு. பக்கத்துல இருக்கறவனுக்குக் காது வலிக்கக் கூடாது” என்பார். மறுபடி மிதிப்பார்.

பாடம் ஒரு நீள நோட்டில் இருக்கும். நாடகம் முழுவதும் அவரிடம் இருந்த நோட்டில் மட்டும்தான். எங்களுக்கு அவரவர் பேச்சையும், முன்னால் பேசுகிறவரின் கடைசி இரண்டு மூன்று சொற்களையும் மட்டும் எழுதித் தருவார். எனவே மற்றவர் பேசுவதைக் காதுகொடுத்துக் கேட்டால்தான் நமக்கு முறை வந்தது தெரியும். அதை அவர் வேண்டுமென்றே செய்தார் என்று எனக்குப் பல வருசம் கழித்துத்தான் உறைத்தது. முழுப் பாடத்தையும் கையில் கொடுத்தால் தன் வரியை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்பான். கொடுக்காவிட்டால் கேட்பான்.

இப்போது ‘பராசக்தி’க்கு வருகிறேன். 1952இல் வந்த படம். அதைப் பற்றிப் பேசினால் எல்லோரும் சிவாஜியின் கோர்ட்டுப் பேச்சைப் பேசுவார்கள். பேச வேண்டியதுதான். ஆனால் அதற்கு முன்னால் கல்யாணியை விசாரிக்கிற காட்சி ஒன்று இருக்கிறது. குழந்தையைக் கொன்றதாகக் கூண்டில் நிற்கிறாள். தான் பட்ட பாட்டையெல்லாம் சொல்கிறாள். விசாரிக்கிற நீதிபதி சந்திரசேகரன் அவளுடைய சொந்த அண்ணன். அவள் சொல்லச் சொல்ல, நிற்பது தன் தங்கை என்று அவருக்குத் தெரிகிறது. மயங்கி விழுகிறார். அந்த அண்ணன் சகஸ்ரநாமம். அங்கே அவருக்குப் பெரிய வசனம் இல்லை. கேட்பதுதான் வேலை. நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்தவன் எழுந்து ஓட முடியாது, குறுக்கே பேச முடியாது, அழவும் கூடாது. காதில் விழுவது ஒவ்வொன்றாக உள்ளே இறங்க வேண்டும். அடுத்த முறை பார்க்கும்போது கூண்டை விட்டுவிட்டு நாற்காலியை மட்டும் பாருங்கள் டீச்சர். பாய்ஸ் கம்பெனியில் அடுத்தவன் பாடத்தையும் கேட்டுக் கேட்டு வளர்ந்த பையன் அங்கே உட்கார்ந்திருப்பது தெரியும்.

நாடகம் எழுதினாரா என்று கேட்டீர்கள். எழுதினார், அதுவும் ஒரு நெருக்கடியில். 1944 கடைசியில் பத்திரிகைக்காரர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கலைவாணரும் தியாகராஜ பாகவதரும் கைதானார்கள். கலைவாணருடைய என். எஸ். கே. நாடக சபா நடுத்தெருவில் நின்றது. ஒரு நாடகக் குழு என்றால் இருபது முப்பது குடும்பத்தின் சோறு. முதலாளி ஜெயிலில். கேஸ் நடத்தப் பணம் வேண்டும். அப்போது சகஸ்ரநாமத்துக்கு வயது 31. கலைவாணரின் மனைவி டி. ஏ. மதுரத்தோடு சேர்ந்து சபாவைத் தூக்கி நிறுத்தியவர்களில் முக்கியமானவர் அவர். அந்தக் காலத்தில் சபாவுக்காக அவர் எழுதியதுதான் ‘பைத்தியக்காரன்’. சமூக சீர்திருத்தம் பேசிய நாடகம். அது மேடையில் நன்றாகப் போய், கிருஷ்ணன் - பஞ்சு இயக்கத்தில் 1947இல் படமாகவும் வந்தது. எம்.ஜி.ஆர். அதில் ஒரு வேடம் செய்தார். அந்த வருசம்தான் கலைவாணர் விடுதலையானார். வந்து அவரும் அதில் நடித்தார்.

நான் இதை நினைக்கும்போதெல்லாம் எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் நடப்பதுதான் ஞாபகத்துக்கு வரும். ஒரு வீட்டில் ஆம்பளை படுத்துவிட்டால், கேட்காமலே பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஏரைக் கட்டிக்கொண்டு வந்து உழுதுவிட்டுப் போவார். அவருக்கு ஏர் இருந்தது, சகஸ்ரநாமத்துக்கு எழுத்து இருந்தது.

அப்புறம்தான் நான் பெரியது என்று சொன்ன காரியம் வருகிறது.

எழுதத் தெரிந்த நடிகர் பொதுவாக என்ன செய்வார்? தனக்கு ஏற்ற மாதிரி தானே எழுதி, நடுவில் தான் நின்று நடிப்பார். ஐம்பதுகளில் சேவா ஸ்டேஜைத் தொடங்கியபோது சகஸ்ரநாமம் அதைச் செய்யவில்லை. தன்னைவிட நன்றாக எழுதுகிறவர்கள் யார் என்று பார்த்து அவர்களிடம் போனார். அந்தக் காலத்தில் இலக்கியம் ஒரு பக்கம், நாடகம் ஒரு பக்கம். சிறுபத்திரிகையில் எழுதுகிறவர்கள் மேடைப் பக்கம் திரும்ப மாட்டார்கள். மேடைக்காரர்களுக்கு அவர்கள் பெயரே தெரியாது. இந்த இரண்டுக்கும் நடுவில் பாலம் போட்டவர்களில் அவரைப்போல வேறொருவரை என்னால் சொல்ல முடியவில்லை.

மணிக்கொடி என்ற இலக்கிய இதழை நடத்தியவர்களில் ஒருவரான பி. எஸ். ராமையாவை நாடகம் எழுத வைத்தார். ‘பிரசிடெண்ட் பஞ்சாட்சரம்’, ‘மல்லியம் மங்களம்’, ‘போலீஸ்காரன் மகள்’, கர்ணனைப் பற்றிய ‘தேரோட்டி மகன்’ எல்லாம் அப்படி வந்தவை. ‘போலீஸ்காரன் மகள்’ 1962இல் ஸ்ரீதர் இயக்கத்தில் படமானது. அந்தக் கறாரான போலீஸ்காரத் தகப்பன் வேடத்தை சகஸ்ரநாமம்தான் செய்தார். உங்கள் அமுச்சி அதையும் பார்த்திருப்பார், கேட்டுப் பாருங்கள். ‘தேரோட்டி மகன்’ எனக்குத் தனியாகப் பிடித்த பெயர். நம் பக்கம் ராத்திரி முழுக்கக் கூத்தில் கர்ணனைப் பார்த்துப் பழகிய ஜனங்களுக்குத் தெரியும், அவனை ராஜா என்று சொல்வதைவிடத் தேரோட்டி மகன் என்று சொன்னால்தான் நெஞ்சில் தைக்கும்.

தி. ஜானகிராமனையும் கூட்டி வந்தார். ‘நாலு வேலி நிலம்’, ‘வடிவேலு வாத்தியார்’ இரண்டும் சேவா ஸ்டேஜ் நாடகங்கள். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வேலி என்பது தஞ்சாவூர்க் கணக்கு, ஒரு வேலி ஆறே முக்கால் ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. நம் பக்கம் வள்ளம் என்று அளப்போம். மண் வேறு, மழை வேறு, பேச்சும் வேறு. நம் ஊர்க்காரர் ஒருவர் காவேரிக் கரை எழுத்தாளரின் கதையை, அந்த மண்ணின் பேச்சோடு, மேடையில் நிறுத்த வேண்டும் என்று ஆசைப்பட்டார். 1959இல் ‘நாலு வேலி நில’த்தை முக்தா சீனிவாசன் இயக்கத்தில் சொந்தப் படமாகவும் எடுத்தார். படம் ஓடவில்லை. அதற்காக நாடகத்தை விடவும் இல்லை.

பாரதியின் ‘பாஞ்சாலி சபத’த்தை மேடையேற்றினார். ‘குயில் பாட்டை’யும் மேடையேற்றினார். பாஞ்சாலி சபதத்தின் முதல் பாகம் 1912இல் அச்சில் வந்தது. படித்தவர்கள் படிக்கிற காவியமாக அது புத்தகத்துக்குள் இருந்தது. எளிய சொல், எளிய சந்தம், ஜனங்களுக்குப் பிடித்த மெட்டு என்றுதான் பாரதி அதன் முன்னுரையில் தன் ஆசையைச் சொல்கிறார். ஜனங்கள் காதுக்கு அதைக் கொண்டுபோக ஒரு நடிகர் வேண்டியிருந்தது.

சேவா ஸ்டேஜில் பழகி வந்தவர்களையும் சொல்ல வேண்டும். முத்துராமன் அங்கே இருந்தவர். எஸ். என். லட்சுமி அங்கே இருந்தவர். பின்னால் ‘தண்ணீர் தண்ணீர்’ எழுதிய கோமல் சுவாமிநாதன் அங்கேதான் நாடகம் கற்றார். அவருடைய ‘புதிய பாதை’ 1960இல் சேவா ஸ்டேஜுக்காக எழுதியது. ஒரு குழு இருபத்தைந்து வயதுப் பையனை நம்பி நாடகம் எழுதச் சொன்னதால்தான் இருபது வருசம் கழித்து நமக்கு ஒரு தண்ணீர் இல்லாத ஊரின் நாடகம் கிடைத்தது.

சங்கீத நாடக அகாதெமி விருது அவருக்குக் கிடைத்தது. நல்லது. ஆனால் என் கணக்கில், ஒரு நடிகன் தனக்கு எழுதத் தெரிந்திருந்தும், எழுத்தாளனுக்கு இடம் விட்டு ஓர் அடி தள்ளி நின்றானே, அதுதான் அவருடைய வாழ்க்கையின் உச்சம். தமிழ் மேடையில் இதை நாம் போதுமான அளவு கொண்டாடவில்லை. எழுதியவர் பெயர் இல்லாத நாடக நோட்டீசுகளை எத்தனையோ பார்த்திருக்கிறேன். நடிகர் படம் பெரிதாக, சீன் செட் வாடகைக்குக் கொடுத்த கடையின் பெயர்கூடக் கீழே இருக்கும். எழுதியவர் மட்டும் இருக்க மாட்டார். எனக்கு அது இன்றைக்கும் வலிக்கிறது.

ஏன் நம் ஊரில் யாரும் பேசுவதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். அவர் சின்ன வயதிலேயே கம்பெனியோடு போய்விட்டார், பெரிய காரியங்களைச் சென்னையில் செய்தார், அது ஒரு காரணம். இன்னொன்று, நாம் கோயம்புத்தூரின் கலை வரலாற்றைச் சினிமாவாகவே ஞாபகம் வைத்திருக்கிறோம். 1914இல் சாமிக்கண்ணு வின்சென்ட் வெரைட்டி ஹால் என்ற சினிமா கொட்டகையைக் கட்டினார் என்று சொல்வோம். முப்பதுகளில் உங்கள் சிங்காநல்லூரிலேயே சென்ட்ரல் ஸ்டுடியோ வந்தது, அதற்கு அப்புறம் பட்சிராஜா ஸ்டுடியோ என்று சொல்வோம். ‘ராஜகுமாரி’ படம் எடுத்த இடம் என்று இன்றைக்கும் ஆட்கள் காட்டுகிறார்கள். அதெல்லாம் பெருமைதான். ஆனால் அந்த ஸ்டுடியோக்களுக்கு நடிகர்களைத் தயார் செய்து கொடுத்தது நாடகம். அதற்கு நம் பக்கத்தில் சொந்தமாக ஒரு கதை இருக்கிறது. 1944இல் நாடகக் கலைக்கென்றே ஒரு மாநாட்டை டி. கே. எஸ். சகோதரர்கள் நடத்தியது ஈரோட்டில். ‘இன்பசாகரன்’ நாடகம் எழுதிய கோவை அய்யாமுத்து காங்கேயத்துக்குப் பக்கத்தில் பரஞ்சேர்வழியில் பிறந்தவர். கதர் இயக்கத்துக்காக ஊர் ஊராக நடந்தவர். அவரைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், எழுதுவேன்.

இதில் ஊர் வாத்தியார்களும் சேர்த்தி. அவர்கள் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. எங்கள் வாத்தியார் வாழ்நாளில் எத்தனை நாடகம் எழுதினார் என்று எனக்குக் கணக்குத் தெரியாது. ஆமாம், அவரும் எழுதினார். நோம்பிக்குப் பழைய நாடகம்தான் போட வேண்டும். ஆனால் நடுவில் பபூன் வரும் இடங்களில் அவருடைய சொந்த எழுத்தைச் செருகுவார். கூலி கேட்டுப் போன தறிக்காரனுக்கும் முதலாளிக்கும் நடக்கிற பேச்சு, சாராயக்கடைக்குப் போனவனைத் தேடி வரும் பெண்டாட்டி, கிணறு வெட்டக் கடன் வாங்கியவன் தண்ணீர் வராமல் நிற்பது. எல்லாம் எங்கள் ஊர் ஆட்கள் பேசுகிற பேச்சு. சுடுகாட்டில் அரிச்சந்திரன் நிற்கும் காட்சிக்கு முன்னால் அந்தக் கிணற்றுக்காரன் வந்துவிட்டுப் போவான். ஜனம் சிரிக்காது. கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

அவர் காலமானபோது நான் வெளியூரில் படித்துக்கொண்டிருந்தேன். இரண்டு மாதம் கழித்து ஊருக்குப் போனால், தறிக்குழியை மூடியிருந்தார்கள். நோட்டெல்லாம் எங்கே என்று கேட்டேன். பழைய பேப்பர்காரருக்கு எடைக்குப் போட்டாயிற்று. அந்த வீட்டார் மேல் தவறு சொல்ல மாட்டேன், அவர்களுக்கு அது பழைய நோட்டு. நான் முன்னாலேயே போய்க் கேட்டிருக்க வேண்டும். எனக்குத் தெரியும் அது என்னவென்று. கேட்கவில்லை.

ஒன்றே ஒன்று மிஞ்சியது. எனக்கு லோகிதாசன் பாடம் எழுதிக் கொடுத்த நோட்டு. எங்கள் அம்மா அதை அரிசிப் பானைக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருந்தார். ஊதா மசி. ஓரத்தைச் செல்லரித்திருக்கிறது. பாம்பு கடிக்கிற இடத்தில் என் வசனத்துக்குப் பக்கத்தில் ஒரு கோடு போட்டு, “இங்கே அழாதே. அம்மாவைத் தேடு” என்று எழுதியிருக்கிறார். இத்தனை வருசத்தில் நடிப்பைப் பற்றி நிறையப் படித்துவிட்டேன். செத்துப்போகிற பிள்ளையை எப்படி நடிப்பது என்பதற்கு அந்த இரண்டு வரிக்கு மேல் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

சரி, உங்கள் ஆண்டு விழாவுக்கு வருவோம்.

துணுக்குத் தோரணம் வேண்டாம் டீச்சர். பிள்ளைகள் மேல் தப்பில்லை, அவர்கள் கண்ணில் படுவது அதுதான். ஆனால் துணுக்கில் ஒருவன் பேசுவதை இன்னொருவன் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. அவனவன் சிரிப்பை அவனவன் வாங்கிக்கொண்டு போய்விடுவான். நாடகத்தில் பிள்ளைகளுக்குக் கிடைக்க வேண்டியது மற்றவன் சொல்லைக் கேட்கிற பழக்கம்.

‘பாஞ்சாலி சபத’த்தில் சூதாட்டச் சபையை எடுங்கள். முழுவதும் வேண்டாம், இருபது நிமிடத்துக்குப் போதும். உங்கள் ஊர்க்காரர் மேடையேற்றியது என்று பிள்ளைகளிடம் முதலில் சொல்லுங்கள். அவர்களுக்கு அது ஒரு பிடிப்பைக் கொடுக்கும். வசனமாக மாற்றி எழுத வேண்டாம், பாரதியின் வரியையே பேசட்டும். முதல் இரண்டு வாரம் நடிப்பே வேண்டாம். வட்டமாக உட்காரவைத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். சந்தம் நாக்கில் ஏறினால் கை தானாக எழும். ழகரத்துக்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள். அந்த ஒரு நாளை எங்கள் வாத்தியார் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

திரௌபதி வேடத்துக்குப் பாடத் தெரிந்த பெண்ணைத் தேடாதீர்கள், கோபப்படத் தெரிந்த பெண்ணைத் தேடுங்கள். பீஷ்மர் வேடத்துக்கு வகுப்பிலேயே அதிகம் பேசாத பையன் ஒருவன் இருப்பான். அவனைப் போடுங்கள். அந்தச் சபையில் நடக்கிற அநியாயத்தை உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்க வேண்டிய வேடம் அது. அவன் நன்றாகக் கேட்டால் உங்கள் நாடகம் நிற்கும்.

இன்னொரு யோசனை. நாடகம் தொடங்குமுன் ஒரு பிள்ளை வந்து சகஸ்ரநாமத்தைப் பற்றி இரண்டு நிமிடம் பேசட்டும். பிறந்த ஊர், சேர்ந்த கம்பெனி, எழுதிய நாடகம், அழைத்து வந்த எழுத்தாளர்கள், இது போதும். முடிந்தால் உங்கள் அமுச்சியை முன்வரிசையில் உட்காரவையுங்கள். அவருக்குக் கண் தெரியாவிட்டால் பரவாயில்லை, காது இருக்கிறதே. பிள்ளைகளிடம், கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும், அமுச்சிக்குக் காது வலிக்கக் கூடாது என்று சொல்லிவையுங்கள்.

ஒத்திகை எப்போது வைக்கிறீர்கள் என்று எழுதுங்கள். சனிக்கிழமையாக இருந்தால் காலையில் பஸ் ஏறினால் மத்தியானத்துக்குள் சிங்காநல்லூர் வந்துவிடுவேன். அந்த நோட்டையும் எடுத்து வருகிறேன். பிள்ளைகள் கையில் வாங்கிப் பார்க்கட்டும்.

அன்புடன்.